பச்சைமலைக் கரடி

மலையில் ஓட்டுவதற்கென்றே ஒரு சைக்கிள் இப்போது கடைக்கு வந்திருக்கிறது. டயர் தடிமனாக, கைப்பிடி நேராக, பார்த்தாலே தண்டால் எடுத்துவிட்டு வந்த ஆள் மாதிரி நிற்கிறது. போன வாரம் பெரிய கடைவீதியில் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் வந்து, "இதுல மலையே ஏறலாம் சார்" என்றார். "இறங்கலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பதற்கு இந்த ஊரில் ஆள் இருக்கிறது. எனக்கு நடந்த கெடுதல்களில் பெரியது அதுதான்.

எழுபதுகளில் எங்களுக்கு மலைக்கென்று தனி சைக்கிள் கிடையாது. அரிசி மூட்டை ஏற்றும் அதே கறுப்பு சைக்கிள்தான் ஆபீசுக்கும் காட்டுக்கும். எங்களுக்கு என்றால் எனக்கும் என் சிநேகிதனுக்கும். நான் ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு இருந்த அரசாங்க குமாஸ்தா. அவன் பாலக்கரைக்காரன், மாதா கோவிலுக்குப் பக்கத்துச் சந்து. தொழிற்பயிற்சி முடித்துவிட்டு அரியமங்கலத்தில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் பேசுவேன், அவன் அடி வாங்குவான். அப்போதே ஆரம்பித்த ஏற்பாடு அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் முதல் பூசை பார்த்துவிட்டுக் காவிரிப் பாலம் தாண்டி என் வீட்டு வாசலில் வந்து மணி அடிப்பான். பிறகு ஏதாவது ஒரு வழி. கொள்ளிடக் கரையின் மேலேயே மேற்கே முக்கொம்பு வரைக்கும் போவது ஒன்று. கரை மேல் ஒரு முழ அகலத்துக்குத்தான் தடம். இந்தப் பக்கம் சறுக்கினால் கருவேல முள், அந்தப் பக்கம் சறுக்கினால் நாணல், அதற்குக் கீழே மணல். பெரிய வெள்ளம் வந்து போன பிறகு கரையைப் பல இடத்தில் புதிதாக மண் போட்டு உயர்த்தியிருந்தார்கள், அந்த மண்ணில் சக்கரம் புதைந்து நாங்கள் பாதி தூரம் சைக்கிளைச் சுமந்தோம். இன்னொரு வழி, கொள்ளிடம் பாலம் தாண்டி மண்ணச்சநல்லூர். ரைஸ் மில்களின் அவித்த நெல் வாசனை முதலில் வரும், ஊர் அப்புறம்தான் வரும். அங்கிருந்து வாய்க்கால் கரையோடு வடக்கே போனால், மழை பெய்து ஓய்ந்த காலைகளில் தூரத்தில் பச்சைமலை தெரியும். ஊட்டிக்காரன் பார்த்தால் அதை மேடு என்பான். எங்களுக்கு அது மலை. எங்கள் சைக்கிளுக்கு இமயமலை.

அதன் மேல் ஏற வேண்டும் என்று இரண்டு வருஷமாக நான்தான் அரித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குக் காடு என்றால் பயம். பயந்தவன்தான் முதலில் கிளம்பச் சொல்வான், தெரியுமோ? மற்றவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கையில்தான் சொல்வான். அந்த வருஷம் அவனும் வேண்டாம் என்றுதான் சொன்னான். நான்தான் விடவில்லை.

அவன் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. திருவெறும்பூர் பக்கத்துப் பெரிய தொழிற்சாலையில் இருந்து அவனுக்கு அழைப்பு வந்திருந்தது. ஆறு வருஷம் காத்திருந்து வந்தது. எழுத்துப் பரீட்சை, லேத்தில் வேலை செய்து காட்டும் பரீட்சை, நேர்காணல் மூன்றும் தாண்டிவிட்டான். மிச்சம் மெடிக்கல் மட்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. அடுத்த மாதத்தோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது. இது போனால் இன்னொரு அழைப்பு கிடையாது என்பது அவனுக்கும் தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவன் வீட்டுக்குப் போனேன். வெள்ளைச் சட்டை ஒன்று இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தது. திங்கட்கிழமைக்கு.

"மாப்ள, ஞாயித்துக்கெழம பச்சமல. பலாப்பழ சீசன்" என்றேன்.

"திங்கக்கெழம மெடிக்கல்டா. அடுத்த வாரம் போவோம்."

"அடுத்த வாரம் நீ பெரிய ஃபேக்டரி ஆளு. குமாஸ்தாவோடல்லாம் சைக்கிள்ல வருவியா? குவார்ட்டர்ஸ் வாசல்ல வாட்ச்மேன் என்னை உள்ளயே விடமாட்டான்."

அவன் மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணே, ஒரு வாரம் சும்மா இருங்க. இவரு கை காலு முழுசா அங்க போய்ச் சேரணும்."

"தங்கச்சி, உனக்கு விஷயம் தெரியல. மலையில அரை நாள் மிதிச்சா நெஞ்சு விரியும். டாக்டர் டேப்பு வெச்சு அளக்கிறப்ப ரெண்டு இஞ்ச் கூடவே நிக்கும். மெடிக்கலுக்கு நான்தான் ஆளத் தயார் பண்றேன்னு வெச்சுக்க."

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே காரியம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் பூசைக்குப் போகவில்லை. "மெடிக்கல் முடிஞ்சதும் ரெண்டு பூசையா பாத்துக்க, சாமி கணக்கு சரியாயிரும்" என்று அதற்கும் ஒன்று சொன்னேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ்ஸின் தலையில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக் கட்டினோம். துறையூரில் இறக்கி, மிதித்து, மலையடிவாரத்துச் சோபனபுரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அதற்கு மேல் மண் பாதை. ஏறினோம் என்று எழுதுவதற்குக் கை கூசுகிறது. தள்ளினோம். பாதையின் குறுக்கே இரண்டு இடத்தில் ஓடை ஓடியது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கடந்தோம். மூங்கில் ஒன்றோடு ஒன்று உரசிக் கிறீச்சிட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்குப் பயம் வந்தது. அது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக நானே வழியெல்லாம், "மாப்ள, கரடி" என்று கத்திக்கொண்டு வந்தேன். முதல் தடவை திரும்பிப் பார்த்தான். இரண்டாவது தடவை பார்க்கவில்லை. மூன்றாவது தடவை, "நீ இருக்கிற வரைக்கும் அது வராதுடா, காது வலிக்கும்" என்றான்.

மேலே ஒரு சின்னக் கிராமம். பலாப்பழத்தைச் சுளை சுளையாகத் தின்றோம். எங்கள் வயதுக்காரர் ஒருவர் தன் சைக்கிளின் பின்னால் நான்கு பலாப்பழத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கீழே கொண்டுபோய் விற்பது அவர் தொழில். அந்தச் சைக்கிளில் பிரேக் என்று எதுவும் இல்லை. அதற்குப் பதில், இலை தழையோடு ஆள் உயரத்துக்கு ஒரு கிளையை வெட்டி, கேரியரில் கட்டித் தரையில் இழுபடும்படி விட்டிருந்தார். மலையில் இருந்து சுமையோடு இறங்குகிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். கிளை தரையைப் பிடித்து இழுக்கும், சைக்கிள் தலைதெறிக்க ஓடாது. அடிவாரத்தில் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

"நீங்களும் கட்டிக்கங்க" என்றார். "இந்த எறக்கத்துக்கு டவுன் பிரேக்கு தாங்காதுங்க. ரப்பரு தேஞ்சு கம்பிதான் மிச்சமிருக்கும்."

அவரே இரண்டு கிளை வெட்டிக் கொடுத்தார். நான் என் கேரியரில் ஒரு முழுப் பழத்தைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். நன்றாகப் பழுத்தது, வாசனை ஊரைத் தூக்கியது. அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இந்த வாசனைக்குக் கரடி வருங்க. சாயந்திரம் ஆனா எறங்கும். பொழுதோட போயிருங்க" என்றார். வானிலை சொல்வது மாதிரிதான் சொன்னார். என் கரடி வேடிக்கை அந்த நிமிஷத்தோடு தீர்ந்துபோனது. அதுவரை அது என் கரடி. இப்போது அதற்குச் சொந்தமாக ஒரு வேளையும் வாசனையும் வந்துவிட்டன.

சிநேகிதன் முன்னால் இறங்கினான். நிதானமாக, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, கிளையை இழுத்துக்கொண்டு. திங்கட்கிழமையைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கிக்கொண்டு போகிறவன் எப்படி இறங்குவானோ அப்படி. நான் முப்பது அடி பின்னால். பழக்காரர் தன் சுமையைக் கட்டி முடித்து வருவதாகச் சொல்லியிருந்தார்.

முதல் நான்கைந்து வளைவு சரியாகத்தான் போனது. கிளையின் இலைகள் மண்ணில் சர்ரென்று வந்துகொண்டிருந்தன. துடைப்பம் பெருக்குகிற சத்தம், பயமே இல்லாத சத்தம். பிறகு கல் பாதை வந்தது. நான் யோசிக்காத ஒன்று அங்கே நடந்தது. அத்தனை தூரம் தரையில் தேய்ந்து இலையும் தழையும் உதிர்ந்துவிட்டன. மிச்சமிருந்தது மொட்டைக் கட்டை. அது கல்லில் தட்டித் தட்டி, கர்ர், கர்ர் என்றது. என் முதுகுக்கு நேர் பின்னால். பலாப்பழத்துக்கு நேர் பின்னால்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பார்க்காமலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது: அதன் உயரம், நகம், வாயில் ஒழுகும் எச்சில். பிரேக்கை விட்டேன். வேகம் எடுத்தது. நான் வேகம் எடுத்ததும் அதுவும் வேகம் எடுத்தது. கர்கர்கர்கர். இறக்கத்தில் மிதிக்க வேறு ஆரம்பித்தேன். அந்த நேரத்திலும் மூளை ஒரு மூலையில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ரங்கநாதரைக் கூப்பிட்டேன். அவர் படுத்திருப்பவர், எழுந்து வர நேரமாகும் என்று சமயபுரத்தாளைக் கூப்பிட்டேன். அதுவும் போதாதென்று சிநேகிதனுக்காக வேளாங்கண்ணி மாதாவையும் கூப்பிட்டேன். மூன்று பேரும் வராததால் கடைசியில் அவனையே கூப்பிட்டேன்.

"டேய், கரடி, நிஜமா கரடிடா, வழி விடு."

பாதை ஒரு சைக்கிள் அகலம். இடது கைப் பக்கம் மலை, வலது கைப் பக்கம் புதர் மூடிய சரிவு. அவன் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. என் பின்னால் என்ன வருகிறது என்பதை உலகத்திலேயே அவன் ஒருவன்தான் பார்த்தான். ஆனால் என்னை நிறுத்த நேரமில்லை. நான் மலைப் பக்கத்தை ஒட்டிக்கொண்டு வந்தேன், பத்திரமான பக்கம் அது என்பதால். அவனுக்கு விளிம்புப் பக்கம்தான் மிச்சமிருந்தது. ஒதுங்கினான். முன் சக்கரம் விளிம்பு மண்ணோடு சரிந்தது. அவன் விழுகிற சத்தம் என் காதில் விழுந்தது.

நான் நிற்கவில்லை.

இன்னும் இரண்டு வளைவு போனேன். பாதையில் துருத்தி நின்ற ஒரு கல்லில் கட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளைப் பின்னால் இழுத்தது. நான் மட்டும் முன்னால் போய் உண்ணிச்செடிப் புதரில் விழுந்தேன். பலாப்பழம் பிளந்து சிதறியது. எல்லாம் அமைதியானது. எதுவும் வந்து என்னைக் கவ்வவில்லை. மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். சைக்கிள் கிடந்தது. அதன் வாலில் கயிறு. கயிற்றின் முனையில் இலை இல்லாத ஒரு கட்டை.

இதுவரைக்கும் என்னைப் பார்த்து நானே சிரிக்க முடியும். அடுத்துச் செய்ததைச் சொல்லும்போது அந்த வசதி இல்லை. அவன் மேலே எங்கோ விழுந்து கிடக்கிறான் என்று தெரியும். கரடி இல்லை என்றும் தெரியும். ஆனாலும் உடனே ஓடவில்லை. கயிற்றை அவிழ்த்தேன். கட்டையைத் தூக்கிச் சரிவில் எறிந்தேன். அது கீழே போய் விழுகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, பிறகுதான் மேலே நடந்தேன்.

அவன் பாதையில் ஏறி வந்து உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"எங்கடா கரடி?" என்றான்.

"குறுக்க பூந்து போயிருச்சு மாப்ள."

"உன் கிளை எங்க?"

"அறுந்துருச்சு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "நாளைக்கு ஒம்போது மணிடா" என்றான்.

பழக்காரர் தன் கிளையைச் சர்ரென்று இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "கரடியா? பின்னாடியே தானேங்க வரேன், ஒரு சத்தமும் காணோமே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சிநேகிதன், "சத்தம் கேட்டுச்சுங்க" என்றான். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தன் நான்கு பழத்தையும் பாதை ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு அவனைக் கேரியரில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். அவர் பழம் அவருக்குத் திரும்பக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு பாலக்கரைக்கு விளக்கு வைத்த நேரத்தில் வந்தோம். அவள் கதவைத் திறந்து அவன் கையைப் பார்த்தாள், பிறகு ஆணியில் இருந்த சட்டையைப் பார்த்தாள். யாராவது ஏதாவது பேசியாக வேண்டும். நான் பேசினேன். கரடியை வரவழைத்தேன். அது புதரில் இருந்து எழுந்தது, இரண்டு காலில் நின்றது, இவன் எனக்கு வழி விட்டு என் உயிரைக் காப்பாற்றினான். கையை ஆட்டி, உறுமிக் காட்டி, முழுதாகச் சொன்னேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள், "இவரு மட்டும் ஒதுங்கலைன்னா உங்களுக்கு என்ன ஆயிருக்கும்ணே" என்று சொல்லி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் கட்டோடு போனான். இரக்கம் பார்த்து ஆறு வாரம் தள்ளிக் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து, கையை நீட்டி உள்ளங்கையை மேல் பார்க்கத் திருப்பு என்றார்களாம். பாதிதான் திரும்பியது. இன்னொரு தடவை என்றார்களாம். மறுபடியும் பாதி. தகுதியில்லை என்று கடிதம் வந்தது, அவன் வயது வரம்பு தாண்டிய பிறகு. அவன் அரியமங்கலம் பட்டறைக்கே திரும்பிப் போனான். வலது கை செய்த வேலைகளில் பாதியை இடது கைக்குப் பழக்கினான். அந்தப் பட்டறையில் கடைந்த சாமான்கள் லாரி ஏறித் திருவெறும்பூருக்குத்தான் போகும். அவன் செய்த இரும்பு அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனது, அவன் போகவில்லை.

கரடி நன்றாக வளர்ந்தது. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், கல்யாணப் பந்தியில், ரயில் பயணத்தில் எல்லாம் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். எண்பதுகள் பிறந்தபோது அதற்கு இரண்டு குட்டிகள் சேர்ந்திருந்தன. அவன் பக்கத்தில் இருந்தால் யாராவது, "நிஜமாங்க?" என்று அவனைக் கேட்பார்கள். "சத்தம் கேட்டேன்" என்பான். பார்த்தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மட்டும் நின்றுபோயிருந்தது. கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் கை வலிக்கிறது என்றான்.

ஏழெட்டு வருஷம் கழித்து அவன் மைத்துனனுக்கு அதே தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸில் குடிபோன விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சுண்ணாம்பு வாசனை போகாத வீடு. அவன் மனைவி அடுப்படிக் குழாயைத் திறந்து தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டு மூடினாள். மறுபடியும் திறந்தாள். ஜன்னல் கதவை இழுத்துச் சாத்திப் பார்த்தாள். கூடத்தில் இலை போட்டிருந்தார்கள், பத்துப் பதினைந்து பேர். மைத்துனன், "அண்ணே, கரடிக் கதை" என்றான். அவள் அடுப்படி வாசலில் நின்றபடி, யாரையும் பார்க்காமல், "அந்தப் பாழாப்போன கரடி மட்டும் வராம இருந்திருந்தா, பக்கத்து வீடு நம்மளுதா இருந்திருக்கும்" என்றாள்.

அதே கர்ர் சத்தம், முதுகுக்குப் பின்னால். சொல்லிவிட்டேன். "கரடியே வரலைங்க. என் சைக்கிள்ல கட்டின கட்டைதான். அதைக் கரடின்னு நெனச்சு ஓடினேன். அவன் என்னாலதான் விழுந்தான். அப்புறம் அந்தக் கட்டையத் தூக்கி எறிஞ்சுட்டேன்."

பந்தியே குலுங்கியது. ஒருவருக்குப் புரையேறியது. "இத்தனை நாளா இத வெளிய விடல பாருங்க" என்று மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் சொன்னதிலேயே மிகச் சிறந்த வேடிக்கை அது என்றார்கள். கட்டை எப்படிக் கத்தியது என்று செய்து காட்டச் சொன்னார்கள்.

அவள் சிரிக்கவில்லை. தன் புருஷனைப் பார்த்தாள். அவன் இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டே வரிசையில் என்னிடம் வந்து சேர்ந்தான், இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. கரண்டி பாதிதான் சரிந்தது. "சாப்பிடு, ஆறுது" என்றான்.

வாசல் வரைக்கும் வழியனுப்ப அவன்தான் வந்தான். நான் ஏதோ ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்டா. என் கண்ணாலதானே பாத்தேன்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"சொன்னா அவ யாரத் திட்டுவா? உன்னைத் திட்டுவா. நீ வீட்டுக்கு வரமாட்ட. கரடின்னா நாள் பூரா திட்டலாம், யாருக்கும் வலிக்காது. எட்டு வருஷமா அதத்தான் திட்டிக்கிட்டு இருந்தா. நானும் உன்கூட சேந்து பொய் சொன்னேன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. மலையிலயும் உனக்குத் தாங்கல, இங்கயும் உனக்குத் தாங்கல. ரெண்டு தடவையும் நான்தான் ஓரமா ஒதுங்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பழக்காரர் கரடியைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னான்.

இரண்டு வாரம் விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்கரைக்குப் போனேன். பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவள் கதவைப் பாதி திறந்தாள்.

"அவங்க இல்லீங்க" என்றாள்.

அவன் சைக்கிள் சுவரோரம் நின்றது. உள்ளே யாரோ செய்தித்தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருஷமாக அவள் என்னை அண்ணே என்று கூப்பிடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சும்மாத்தாம்மா வந்தேன்" என்று சொல்லி, சைக்கிளைத் திருப்பினேன். சந்து தாண்டுகிற வரைக்கும் நிதானமாகப் போக வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. எதுவும் துரத்தாமலேயே காவிரிப் பாலம் வரைக்கும் எழுந்து நின்று மிதித்தேன்.